பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன்: மாணவர் பயணத்தில் காசு எங்கே கரைகிறது?

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் மூலப் படியைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஃபிலடெல்ஃபியாவின் சுதந்திர மணியான லிபர்ட்டி பெல்லைப் பார்க்கவும் கிடையாது. பாஸ்டனின் பங்கர் ஹில் தூணில் 294 படி ஏறி மூச்சு வாங்கவும் யாரும் காசு கேட்பதில்லை. முக்கியமான வரலாற்று இடங்களில் பலவும் மத்திய அரசின் பொறுப்பில் இருக்கின்றன. அப்படியும் ஆறு நாள் போய்வந்த மாணவர்கள் ஆளுக்கு ஆயிரம் டாலர் கரைந்துவிட்டது என்று தலையில் கைவைக்கிறார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் நுழைவுச் சீட்டு ஓரமாகத்தான் இருக்கும். ஊருக்கு வெளியே போட்ட அறை, கடைசி நேரத்தில் எடுத்த ரயில் டிக்கெட், இரவு ஊபர், இந்த மூன்றும்தான் பட்டியலின் உச்சியில் நிற்கும்.

பழமை என்று பார்த்தால் ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் 1565லேயே உருவான ஊர். ஆனால் அந்த மாதிரி ஊர்களைச் சுற்றக் கார் வேண்டும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் வாடகைக் கார் நிறுவனங்கள் தினசரி கூடுதல் கட்டணம் வாங்கும். முதல் பயணத்துக்குக் கார் வேண்டாம். பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன் மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன, மூன்றிலும் நடந்தே பார்க்கலாம்.

பாஸ்டனில் இரண்டு இரவு, ஃபிலடெல்ஃபியாவில் ஒன்று, வாஷிங்டனில் இரண்டு என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு நாங்கள் போடும் கணக்கு இது: பயணியர் ஹாஸ்டல் படுக்கை இரவுக்கு 55 டாலர் வீதம் 275, அதன்மேல் வரி 40, ஊர் விட்டு ஊர் போக 90, உள்ளூர் ரயிலும் பஸ்ஸும் 45, ஆறு நாள் சாப்பாடு 150, நுழைவுச் சீட்டு 30, கைக்காவலாக 60. மொத்தம் 690. நீங்கள் படிக்கும் ஊரிலிருந்து பாஸ்டன் போகவும் வாஷிங்டனிலிருந்து திரும்பவும் ஆகும் விமானச் செலவு இதில் சேராது.

படுக்கை

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. நகர மையத்தில் 180 டாலர் அறை, புறநகரில் 110 டாலர் அறை. நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்குப் பதினேழு டாலர் மிச்சம் என்று புறநகரில் போடுகிறார்கள். காலையில் ஒரு ஊபர், இரவில் ஒரு ஊபர், தடவைக்கு 35 டாலர் என்றால் மிச்சம் பிடித்தது அத்தனையும் அன்றே போய்விடும். அதோடு தினமும் இரண்டு மணி நேரம் சாலையில். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை இல்லையென்றால் மலிவு என்ற பேச்சே வேண்டாம்.

கட்டாயக் கட்டணங்களை முதலிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற மத்திய விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அரசு வரியைச் சேர்க்காமல் காட்டலாம். இந்த மூன்று ஊர்களிலும் தங்கும் வரி 15 சதவீதத்துக்கு மேல் என்பதால், பணம் கட்டும் கடைசித் திரையில் வரும் தொகையை மட்டுமே ஒப்பிடுங்கள். இன்னொன்று வயது. 21 நிரம்பாதவர் பெயரில் அறை கொடுக்காத ஹோட்டல்கள் உண்டு. பதிவு செய்யும்முன் விதியைப் படியுங்கள். செக்-இன் நேரத்தில் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்தத் தொகை திரும்பி வரும்வரை உங்கள் கணக்கில் முடங்கிக் கிடக்கும். கிரெடிட் கார்டு வைத்திருக்கும் ஒருவர் பெயரில் அறை போடுவது நல்லது.

சமையலறை உள்ள ஹாஸ்டலாகப் பார்த்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் இருந்தால் அரிசியும் தயிரும் எந்தக் கடையிலும் கிடைக்கும். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் பட்டியலில் 15 டாலர் என்றால் வரியும் 18 முதல் 20 சதவீத டிப்ஸும் சேர்த்து 20ஐ நெருங்கிவிடும். நின்று வாங்கும் கவுன்டரில் திரை டிப்ஸ் கேட்டாலும் அது உங்கள் விருப்பம்.

ஊர் விட்டு ஊர்

பழைய வலைப்பதிவுகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒரு டாலர் டிக்கெட்டுக்குப் பேர் போன போல்ட்பஸ் என்ற வெளியூர் பஸ் இப்போது ஓடுவதில்லை. வாஷிங்டனில் மலிவாகச் சுற்றிய சர்க்குலேட்டர் பஸ்ஸும் 2024 டிசம்பர் 31உடன் நின்றுவிட்டது. இன்னமும் அதற்காக நிறுத்தத்தில் காத்து நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

வெளியூர் ரயில்களை ஓட்டும் நிறுவனமான ஆம்ட்ராக்கில் நார்த்ஈஸ்ட் ரீஜனல் ரயிலைப் பாருங்கள். அதே பாதையில் ஓடும் அசெலா வேகமானது, விலையும் அப்படியே. நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும் என்பதால் தேதி முடிவானதும் முதலில் எடுக்க வேண்டியது இந்த டிக்கெட்தான். 17 முதல் 24 வயது மாணவர்களுக்கு 15 சதவீதச் சலுகை உண்டு, ஆனால் தேடும்போதே மாணவர் என்று தேர்வு செய்ய வேண்டும். முதுகலை மாணவர்கள் பலர் 25ஐத் தாண்டியிருப்பார்கள். அவர்களுக்கு அது பொருந்தாது.

பஸ்ஸில் போவதானால் நிறுத்தத்தின் முகவரியை டிக்கெட்டில் பார்த்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் நிறுத்தம் என்பது வெறும் நடைபாதை ஓரம். கூரை இல்லை, கழிப்பறை இல்லை, சில இடங்களில் பெயர்ப் பலகைகூட இல்லை. ஒரே ஊரில் இரு நிறுவனங்களுக்கு வேறு வேறு தெருமுனைகள். அரை மணி முன்னால் போய் நில்லுங்கள். ஜனவரியில் போகிறவர்கள் அந்த அரை மணியை நினைத்து உடை அணியுங்கள்.

பாஸ்டனிலிருந்து வரும் வழியில் நியூ ஹேவனில் இறங்கி அரை நாள் செலவிடலாம். யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் இலவசம். 1649இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல்தான் பின்னாளில் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். மதராசில் பணம் சேர்த்த அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கை விற்ற காசுக்காகத்தான் அந்தக் கல்லூரி 1718இல் அவர் பெயரைச் சூடியது. இப்படி இறங்க வேண்டுமென்றால் டிக்கெட்டை இரண்டு துண்டாக எடுங்கள்.

மூன்று ஊர்கள்

பாஸ்டன் லோகன் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகும் சில்வர் லைன் எஸ்எல்1 பஸ் இலவசம். ஃப்ரீடம் டிரெயில் என்பது வரலாற்று இடங்களை இணைத்துத் தரையில் ஓடும் சிவப்புக் கோடு. நான்கு கிலோமீட்டர், 16 இடங்கள். பாஸ்டன் காமனில் தொடங்கி சார்ல்ஸ்டவுனில் முடியும். கோட்டைப் பின்தொடர்ந்து நடக்கக் காசு தேவையில்லை. தேநீர்ப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய 1773 டிசம்பர் 16 சம்பவத்துக்காக நடிகர்களுடன் நடத்தும் அருங்காட்சியகம் தனி. சீட்டு விலை அதிகம். அன்று கூட்டம் நடந்த ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ் இந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. காசு கொடுப்பதாக இருந்தால் அங்கே கொடுக்கலாம். அதே சீட்டில் ஓல்ட் ஸ்டேட் ஹவுஸையும் பார்த்துவிடலாம். கோட்டின் கடைசியில் நிற்கும் யுஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன் கப்பலில் ஏற 18 வயதானவர்கள் அரசு கொடுத்த அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ காட்ட வேண்டும், ஏனென்றால் அது இன்னமும் கடற்படைக் கப்பல். கல்லூரி அட்டையோடு போய்த் திரும்புகிறவர்கள் நிறைய. திங்கட்கிழமை போகாதீர்கள்.

ஃபிலடெல்ஃபியாவில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் முன்பதிவு முக்கியம், சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய இண்டிபெண்டன்ஸ் ஹால். மார்ச் முதல் டிசம்பர் வரை நேரம் குறித்த சீட்டு வேண்டும். அரசின் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஒரு டாலர் பதிவுக் கட்டணம், அவ்வளவுதான். தேடினால் இதே இடத்தை வைத்து முப்பது, நாற்பது டாலருக்கு விற்கும் தனியார் தளங்களும் மேலே வந்து நிற்கும். அவர்கள் விற்பது பெரும்பாலும் வெளியே நின்று கதை சொல்லும் வழிகாட்டியை. ரத்தான சீட்டுகள் திரும்ப வருவதுண்டு, முந்தைய நாள் மாலை ஒரு தடவை பாருங்கள். குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே பாதுகாப்புச் சோதனை வரிசையில் நில்லுங்கள். பெரிய பெட்டியோடு உள்ளே விடமாட்டார்கள். ஹாஸ்டலில் விட்டு வரவேண்டும், அல்லது 30ஆம் தெரு ரயில் நிலையத்தில் ஆம்ட்ராக் டிக்கெட் உள்ளவர்கள் கட்டணம் கொடுத்து வைக்கலாம். உள்ளே கூட்ட அறையில் ஜார்ஜ் வாஷிங்டன் உட்கார்ந்த நாற்காலியைக் கவனியுங்கள். முதுகுப் பலகையின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். அந்த அறையின் சாமான்களில் மூலப் பொருளாக எஞ்சியவை சிலவே, அதில் இது ஒன்று.

வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம்; டிசம்பர் 25 தவிர வருடம் முழுக்கத் திறந்திருக்கும் என்பது பொதுவான விதி. விதி உடைவது வரவுசெலவுத் தகராறில். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை மத்திய அரசு முடங்கியபோது, அக்டோபர் 12 முதல் இவையும் பூட்டிக் கிடந்தன. அரசின் நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் தொடக்கத்தில் போகிறவர்கள் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் அறை போடுங்கள். ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இலவசம் என்றாலும் நேரச் சீட்டு எடுக்க வேண்டும்.

மெட்ரோவில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும், அதுவும் அதே கார்டால். நுழைவில் போனைத் தட்டிவிட்டு வெளியேறும்போது அதே வங்கியின் பிளாஸ்டிக் கார்டை எடுத்தால் இயந்திரம் அதை வேறு ஆளாகத்தான் எண்ணும். ஒரு கார்டில் இரண்டு பேர் போகவும் முடியாது. நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலில் இருந்து லிங்கன் நினைவகம் மூன்று கிலோமீட்டருக்கு மேல், பக்கத்தில் மெட்ரோ நிலையம் இல்லை. புதுச் செருப்பு வேண்டாம்.

தேதியைப் பொறுத்தும் விலை ஆடும். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் வாஷிங்டனில் செர்ரிப் பூக்காலம். ஏப்ரல் மூன்றாம் திங்கள் பாஸ்டன் மாரத்தான். மே மாதம் அங்கே பட்டமளிப்பு. இந்த நாட்களில் படுக்கை விலை மேலே சொன்ன கணக்குக்குள் அடங்காது. ஜனவரி, பிப்ரவரிதான் மலிவு.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் உள்நாட்டு விமானத்துக்குப் பாஸ்போர்ட் வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதானவர்கள் நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்; ஒரு தாளில் அச்செடுத்து, கல்லூரி கொடுத்த ஐ-20 படிவத்துடன் சேர்த்து வையுங்கள். ஹாஸ்டல் லாக்கருக்குப் பூட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும். அங்கே வாங்கினால் பத்து டாலர்கூட ஆகும், வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஒன்றுமில்லை.