விண்ணப்பங்கள் வரவில்லை என்று சொல்வதற்கு முன்

மின்னஞ்சல் வழங்கிகளை (சர்வர்களை) பராமரிப்பது என் பிழைப்பு. சனிக்கிழமைகளில், நான் வசிக்கும் அமெரிக்க நகரத்தின் சிறியதொரு அச்சு அருங்காட்சியகத்தில் தன்னார்வலனாக ஈய எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போடுகிறேன். அறிவிப்பு வைத்து மூன்று மாதம் ஆகியும் பயிற்சிக்கு ஒருவர்கூட எழுதவில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அச்சில் ஆர்வமே இல்லை என்று அங்குள்ள முதிய அச்சுக்கோப்பாளர் வருத்தப்பட்ட அதே வாரத்தில், என் அலுவலகத்து இளம் பெண் ஒருவர், அங்கே இருமுறை விண்ணப்பித்தும் பதில் எழுதும் மரியாதைகூட அவர்களுக்கு இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அன்று மாலையே அருங்காட்சியகத்தின் ஜிமெயில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஸ்பேம் கோப்புறையில் பதினொரு விண்ணப்பங்கள் கிடந்தன. 30 நாள்களைக் கடந்தவற்றை ஜிமெயில் தானாகவே அழித்துவிடுவதால், அதற்கு முன் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. இவ்வாண்டில் இதே கோளாறுக்காக என்னிடம் வந்த நான்காவது அமைப்பு இது என்பதால்தான் எழுதுகிறேன்.

செய்தியைக் கேட்டவுடன் நிர்வாகிகள் செய்தது என்ன தெரியுமா? விண்ணப்பிப்பதற்கான இணையப் படிவத்தின் தலைப்பில் இருந்த ‘இலவசப் பயிற்சி’ என்பதில் ‘இலவச’த்தை நீக்கினார்கள். ஸ்பேம் வடிகட்டி என்பது கெட்ட சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு காத்திருக்கும் காவல்காரன் என்ற நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் அது சாவதில்லை. அதற்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது, மறுக்கவில்லை. 2002ஆம் ஆண்டில் நிரலாளர் பால் கிரஹாம் முன்வைத்த முறை, ஒரு மடலில் மிகவும் துலக்கமான 15 சொற்களை எடுத்து, அவை குப்பை மடல்களில் வருவதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டது. ஆனால் அந்த முறையிலேயே ஒரு தனிச் சொல் ஒரு மடலைக் கொல்லாது. நல்ல மடல்களில் அடிக்கடி வரும் சொற்கள் அதைக் காப்பாற்றவும் செய்யும். இன்றைய வடிகட்டிகளோ, என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், எழுதியவர் தாம் சொல்லிக்கொள்ளும் ஆள்தானா என்றும் விசாரிக்கின்றன. ‘இலவச’த்தை நீக்கிய பிறகும் அடுத்த இரண்டு விண்ணப்பங்கள் ஸ்பேமுக்கே போயின என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

உண்மையான குற்றவாளி அந்த இணையப் படிவம். விண்ணப்பிப்பவர் தம் மின்னஞ்சல் முகவரியை இட்டதும், அதையே ‘அனுப்புநர்’ இடத்தில் வைத்து அருங்காட்சியகத்தின் இணைய வழங்கி மடலை அனுப்பியது. விண்ணப்பிப்பவர் யாஹூ முகவரி வைத்திருந்தால், மடல் தன்னை யாஹூ முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்கிறது. யாஹூ அனுமதித்த வழங்கியிலிருந்து அது வரவில்லை. யாஹூவின் கையொப்பமும் அதில் இல்லை. அச்சுத்தொழிலில் பழகியவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. இந்தியாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்க வேண்டும் என்றது. அந்த இடத்தில் வேறோர் அச்சகத்தின் பெயரைப் போட்டு அச்சடித்தால் எப்படியோ, அப்படித்தான் இந்தப் படிவம் நடந்துகொண்டது. தன் பெயரில் பிறர் அனுப்பும் மடல்களை நிராகரிக்குமாறு யாஹூ 2014 ஏப்ரலிலேயே டிமார்க் (தன் பெயரில் வரும் போலி மடல்களை என்ன செய்வது என்று பெறுபவர்களுக்குச் சொல்லும் அறிவிப்பு முறை) வழியாக உலகுக்கு அறிவித்துவிட்டது. ஆகவே யாஹூ முகவரி வைத்திருந்த விண்ணப்பதாரர்களின் மடல்கள் ஸ்பேம் கோப்புறையைக்கூட எட்டியிருக்க மாட்டா.

பழுது பார்க்க அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. அனுப்புநர் இடத்தில் அருங்காட்சியகத்தின் சொந்த முகவரியையும், ‘பதில் அனுப்ப வேண்டிய முகவரி’யில் விண்ணப்பதாரரின் முகவரியையும் வைத்து, களப்பெயருக்கு (டொமைனுக்கு) எஸ்பிஎஃப் (எங்கள் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற வழங்கிகளின் பட்டியல்), டிகிம் (மடலின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் சாவி) பதிவுகளைச் சேர்த்தேன். உங்கள் அமைப்பின் படிவத்தை எழுதிக்கொடுத்தவரிடம் இந்த வாக்கியத்தை அப்படியே காட்டுங்கள். புரியவில்லை என்று அவர் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள்.

வடிகட்டியையே அணைத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது, ஒரே வாரத்தில் போலி ரசீதுகளுக்கு நடுவே விண்ணப்பங்களைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மாறாக, வாரம் ஒருமுறை ஸ்பேம் கோப்புறையைத் திறக்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள். தவறாக விழுந்ததை வெறுமனே படித்துவிட்டு விடாமல் ‘ஸ்பேம் அல்ல’ என்று குறிக்கச் சொல்லுங்கள்; அந்தக் குறிப்பிலிருந்துதான் வடிகட்டி கற்கிறது. அதேபோல, செய்திமடல் வேண்டாம் என்றால் விலகல் இணைப்பை அழுத்துங்கள். அதற்குப் பதிலாக ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவது, அந்தச் செய்திமடலை விரும்பிக் கேட்ட மற்றவர்களுக்கும் தடையாக முடியலாம்.

89 அறைகள் கொண்ட கலிஃபோர்னியா எழுத்துப் பெட்டியில் ஆங்கிலச் சின்ன ‘என்’ (n) எழுத்தைத் தலைகீழாகப் பார்த்து ‘யூ’ (u) அறையில் போட்டுவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. எழுத்தின் உடலில் வெட்டியிருக்கும் பள்ளத்தைப் பார்த்துப் போட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்போம், ஏனென்றால் தவறாகப் போட்டவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் அச்சுக்கோப்பவர்தான் திண்டாடுவார். அலுவலகத்து இளம் பெண்ணுக்கு இப்போது அந்தப் பாடம்தான் நடக்கிறது. முதிய அச்சுக்கோப்பாளர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். படிவத்தை எழுதிக்கொடுத்தவர் இன்னும் கேட்கவில்லை.