உறைபனி வரும் முன்பே நடக்கிற வேலை

அரபிடாப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் களைச்செடி. வெதுவெதுப்பான அறையில் வளர்ந்த செடியை நேராக மைனஸ் 7 டிகிரிக்குக் கொண்டுபோனால் செத்துவிடும். அதையே ஒரு வாரம் 4 டிகிரியில் வைத்திருந்துவிட்டு அப்புறம் கொண்டுபோனால், பிழைத்துக்கொள்ளும். அந்த ஒரு வாரத்தில் செல்லுக்குள் அப்படி என்ன நடக்கிறது?

முதலில் சவ்வு, அதாவது செல்லையும் அதன் உள்ளுறுப்புகளையும் சூழ்ந்திருக்கும் கொழுப்பாலான மெல்லிய உறை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் போல, நேரான கொழுப்பு அமிலங்கள் குளிரில் நெருங்கி இறுகிவிடும். சில நொதிகள் அவற்றிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து இரட்டைப் பிணைப்பை உண்டாக்குகின்றன. அந்த இடத்தில் சங்கிலி வளைவதால் சவ்வு இளக்கமாகவே இருக்கும். இவற்றில் எஃப்.ஏ.டி.8 என்ற நொதி வெப்பத்தில் சீக்கிரம் சிதையும், குளிரில் நிலைத்து நிற்கும். தேவைப்படும்போது மட்டும் அது மிஞ்சுவதற்கு இதுவே போதும்!

மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வும் குளிரில் தன்மேலேயே மடிந்து சிக்கிக்கொள்ளும். புரதம் செய்யும் ரைபோசோமால் அதைப் படிக்க முடியாது. சிக்கெடுக்கவென்றே சில புரதங்கள் உண்டு. பாக்டீரியாக்களிலும் இவற்றின் உறவுப் புரதங்கள் இதே வேலையைச் செய்கின்றன.

இதற்கிடையில் குளிர் வந்ததற்கான சமிக்ஞையாகக் கால்சியம் செல்லுக்குள் பாய்கிறது. சுமார் 15 நிமிடத்தில் சி.பி.எஃப். மரபணுக்கள் விழித்து, நூற்றுக்கும் மேற்பட்ட மற்ற மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. 1998இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாமஷோவின் குழு, சி.பி.எஃப்.1 மரபணுவைச் செடியில் எப்போதும் இயங்க வைத்தது. குளிரையே காணாத அந்தச் செடிகள் உறைபனியைத் தாங்கின.

பனிக்கட்டி பெரும்பாலும் செல்லுக்கு வெளியேதான் முதலில் உருவாகும். அது உள்ளிருக்கும் நீரை உறிஞ்சிவிடும். ஆக, செடியைக் கொல்வது பெரும்பாலும் வறட்சிதான். சி.பி.எஃப். தூண்டுதலால் உருவாகும் சி.ஓ.ஆர்.15ஏ என்ற புரதம், ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தில் காத்திருக்கும். நீர் நிறைய இருக்கும்வரை அதற்கு நிலையான வடிவமே கிடையாது. நீர் வற்ற வற்றச் சுருளாக மடிந்து, சவ்வோடு ஒட்டி அதைக் காக்கிறது. இந்த ஏற்பாட்டிலேயே எனக்கு மிகவும் வியப்பான இடம் இதுதான்.

சரி, எப்போதும் தயாராகவே இருந்தால் என்ன? சி.பி.எஃப். ஓயாமல் இயங்கும் செடிகள் குள்ளமாகிப்போகின்றன, தாமதமாகப் பூக்கின்றன. அதனால் வெயில் திரும்பியதும் செடி சில நாட்களிலேயே இந்தத் தாங்குதிறனைக் கைவிட்டுவிடும். குளிர்நாடுகளில் வசந்தம் தொடங்கிய பிறகு திடீரென வரும் உறைபனி, நடுக்குளிர்காலத்தைத் தாண்டி வந்த பயிரைக்கூடக் கருக்கிவிடுவது இதனால்தான்.