எலி கடிக்கல, உங்க நாய்தான் அதைக் கடிச்சது

நேத்து ராத்திரியும் ஒண்ணு. கென்யா மலைக்காட்டை ஒட்டின வீடு, ரெண்டு வயசு நாய், வாயெல்லாம் நுரை, நிக்கவே முடியல, தூக்கிட்டு ஓடி வந்தாங்க, டேபிள்ல படுக்க வைக்கறப்பவே இதயத்துடிப்பு தாறுமாறா இருந்தது, காப்பாத்த முடியல. "டாக்டர், விஷ எலி கடிச்சிருச்சு"ன்னு அழறாங்க.

எத்தனை தடவைதான் சொல்றது, அது கடிக்கலங்க. நீங்க விஷ எலின்னு சொல்ற இந்தக் கொண்டை எலிக்கு பல்லுலயும் விஷம் இல்ல, எச்சில்லயும் இல்ல. அகோகாந்தெரான்னு ஒரு மரம், அதோட பட்டையை மென்னு அந்தச் சாறை விலா ரோமத்துல பூசிக்குது, அவ்வளவுதான். அந்த மரத்துல இருந்துதான் இங்க வேட்டைக்காரங்க அம்பு விஷம் காய்ச்சுவாங்க, யானையே சாயும். ரோமமும் சாதாரண ரோமம் இல்ல, வெளிய சல்லடை மாதிரி ஓட்டை, உள்ள நாரு நாரா இருக்கும், திரி எண்ணெயை இழுக்கற மாதிரி சாறை இழுத்து வச்சுக்கும். இது ஆய்வுல வெளிவந்ததே 2011லதான். நாய் பாஞ்சா எலி ஓடாது, ரோமத்தைப் பிரிச்சு கறுப்பு வெள்ளைப் பட்டையைக் காட்டி விலாவைத் திருப்பிக்கிட்டு நிக்கும், நாய் வாய் வைக்கறது சரியா அங்கதான்.

அதனால பழி தீர்க்கறேன்னு எலியைத் தேடிப் போய் அடிக்காதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். 2020ல வந்த ஆய்வுல 25 எலியைப் பிடிச்சு கேமரா வச்சுப் பாத்தாங்க, இலைதழை தின்னுட்டு ஜோடி ஜோடியா வாழற பிராணி அது. தானா யார் வம்புக்கும் வராது.

காட்டோரம் குடியிருந்தா ராத்திரி நாயை அவுத்து விடாதீங்க, எலி வெளிய நடமாடற நேரமே ராத்திரிதான். செத்த எலி கிடந்தா வெறுங்கையால தொடக்கூடாது. நாய் கவ்விருச்சா, நினைவு இருந்தா ஈரத்துணியால வாயைத் துடைச்சு விடுங்க, கையில கிளவுஸ் போட்டுக்கிட்டு. பால், எண்ணெய் எதையும் ஊத்தாதீங்க, நுரை தள்ளற நாய்க்கு ஊத்தினா நுரையீரலுக்குள்ள போயிரும், அது தனிக் கஷ்டம். பாம்புக்கடி ஊசியும் கேக்காதீங்க, இதயத்தை அடிக்கற மரத்து விஷத்துக்கு அது வேலைக்கே ஆகாது. நாய் நல்லாத்தானே இருக்குன்னு விடியற வரைக்கும் பாத்துட்டு இருக்காம உடனே கிளம்புங்க, கிளம்பறப்பவே ஒரு போன் அடிச்சிருங்க, நீங்க வர்றதுக்குள்ள ஈசிஜி மெஷினை ரெடியா வச்சிருப்பேன்.