கச்சேரி: பாட்டும் உண்டு, பதிவேடும் உண்டு

“நாளைக்குக் கச்சேரியிலை ஒரு அலுவல் இருக்கு” என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொன்னால், அவர் வயலின் கேட்கப் போகவில்லை. கையில் ஒரு கோப்பு, அதற்குள் காணிக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி. இலங்கையில் கச்சேரி என்பது மாவட்டத்தின் தலைமை அரச அலுவலகம்.

சொல் இந்துஸ்தானியிலிருந்து வந்தது. அங்கே ‘கச்சஹரி’ என்றால் வழக்கு விசாரிக்கும் இடம், அரச காரியம் நடக்கும் இடம். கன்னடத்தில் இன்றும் ‘கச்சேரி’ அலுவலகத்தையே குறிக்கிறது. தமிழ்நாட்டிலும் ‘தாலுகா கச்சேரி’, ‘போலீஸ் கச்சேரி’ என்றெல்லாம் வழங்கிய காலம் உண்டு. மயிலாப்பூரின் கச்சேரி சாலை அந்தப் பெயரை இன்னும் வைத்திருக்கிறது. ஆட்கள் கூடியிருக்கும் சபை என்ற பொருளும் இச்சொல்லுக்கு இருந்தது. பாட்டுக்கச்சேரி அந்தப் பக்கத்துக் கிளை. தமிழ்நாட்டில் அந்தக் கிளை மட்டும் தழைத்தது. இலங்கையில் இரண்டும் பிழைத்தன: கோயில் திருவிழாவில் மேளக் கச்சேரி, மறுநாள் காலை காணி அலுவலுக்குக் கச்சேரி. யாரும் குழம்புவதில்லை. சிங்களத்திலும் ‘கச்சேரிய’ என்றே சொல்கிறார்கள்.

ஒல்லாந்தரிடம், அதாவது டச்சுக்காரரிடம், இருந்த இலங்கைக் கரையோரம் 1796இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் அதைச் சென்னையிலிருந்துதான் ஆண்டார்கள். 1833இல் தீவு ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டபோது, மாகாணத்துக்கு ஓர் அரசாங்க அதிபர் இருந்தார். அவர் இருந்த இடம் கச்சேரி. வரி, காணி, தெரு, பஞ்ச நிவாரணம் எல்லாம் அங்கேதான். பேர்சிவல் டைக் வட மாகாணத்தில் மூன்று தசாப்தங்களுக்கு மேல் அதிபராக இருந்தார் என்றால், அந்தக் கதிரையின் கனத்தை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவில், போரில் சிதைந்த பழைய கச்சேரிக் கட்டடத்தின் சுவர்கள் மரங்களுக்கிடையே நிற்கின்றன.

இங்கே ‘அதிபர்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்தப் பதவி ‘கவர்ன்மென்ட் ஏஜென்ட்’. ஏஜென்ட் என்றால் முகவர். தமிழில் அவர் அதிபராகிவிட்டார், அதாவது தலைவர், ஆள்பவர். ஊரார் கண்ணுக்கு அவர் அப்படித்தான் தெரிந்திருப்பார். இன்று பதவிப் பெயர் ‘மாவட்டச் செயலாளர்’. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது: செயலைச் செய்பவர், அவ்வளவுதான். ஆனாலும் செய்தித்தாள்களும் ஊரும் ‘அரசாங்க அதிபர்’ என்பதை விடவில்லை, சுருக்கமாக ‘ஜீ.ஏ.’

சரி, கச்சேரிக்குத் தமிழ் என்ன? மாவட்டச் செயலகம். இலங்கையின் 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்று. தமிழ்நாட்டு வாசகருக்குச் செயலகம் என்றதும் சென்னைக் கோட்டை நினைவுக்கு வரும். அங்கே மாவட்ட மட்டத்தில் இருப்பது ஆட்சியர் அலுவலகம். பெயர் வேறாக இருந்தாலும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘கந்தோர்’ என்றும் ஒரு சொல் இலங்கையில் உண்டு. அது ஒல்லாந்தர் விட்டுப்போனது. எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும், கச்சேரிக்கு மட்டுமான பெயரல்ல.

பலர் தவறுவது, மாவட்டத்துக்குக் கீழ்ப்பட்ட பிரதேச செயலகத்தையும் கச்சேரி என்று எழுதும்போதுதான். முன்பு அது உதவி அரசாங்க அதிபர் பணிமனை. 1992இன் 58ஆம் இலக்கச் சட்டம் அதிபரிடமிருந்த பல அதிகாரங்களைப் பிரதேச செயலாளருக்கு மாற்றியது. அப்புறம் சனங்களின் அன்றாட அலுவல்களில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. கடிதத்தில் ‘கச்சேரி’ என்று மட்டும் போட்டால், வயதான ஒருவர் இரண்டு பஸ் ஏறி மாவட்டச் செயலகம் வரை வந்து, “இது இங்கை இல்லை, பிரதேச செயலகத்துக்குப் போங்கோ ஐயா” என்று கேட்டுத் திரும்ப வேண்டி வரும். அதனால் எழுத்தில் மாவட்டமா பிரதேசமா என்று பிரித்தே எழுதுங்கள். பழைய ஆவணங்களில் ‘கச்சேரி’ என்று இருந்தால் அதைத் திருத்தாமல், பக்கத்தில் ‘இன்றைய மாவட்டச் செயலகம்’ என்று குறித்தால் போதும்.