எஜமானனுக்குக் கிடைக்காத அங்கீகாரம்

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மானியக் கருத்துமுதல்வாதத்துக்கும் (உலகை மனத்தின் வழியே விளக்கும் தத்துவ மரபு) இன்றைய சமூகவியலுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மனம் அனுபவத்தை வாங்கி வைக்கும் வெறும் பாத்திரமன்று, அதற்கு உருக்கொடுப்பதும் மனமே என்று அம்மரபின் முன்னோடி காண்ட் சொன்னது பலரும் அறிந்ததே. ஒருவன் தன்னைச் சுதந்திரமானவனாக உணர்வதற்கே, அவனை அவ்வாறு மதித்து அழைக்கும் இன்னொருவர் வேண்டும் என்று அவர் வழிவந்த ஃபிஷ்டே 1796இல் வாதிட்டார். தத்துவத்தின் ‘நான்’ தனிமையை இழந்தது இங்கேதான்.

இதை முழு இயக்கமாக விரித்தவர் அதே மரபைச் சேர்ந்த ஹெகல். 1807இல் வெளியான அவரது பெருநூலில் இரு தன்னுணர்வுகள், அதாவது தம்மைத் தாமே உணர்ந்த இரு மனங்கள், எதிர்ப்படுகின்றன. மற்றவரின் அங்கீகாரத்துக்காக இரண்டும் உயிரைப் பணயம் வைத்து மோதுகின்றன. சாவுக்கு அஞ்சிப் பணிந்தவன் அடிமையாகிறான். ஆனால் வென்று எஜமானனானவன் எதிர்பார்த்தது கைக்கு வருவதில்லை, ஏனெனில் தான் மனிதனாகவே மதிக்காத ஒருவன் போடும் கும்பிடுக்கு என்ன பெறுமதி இருக்க முடியும்? அடிமை சமைத்ததை எஜமானன் உண்கிறான், உணவு மறைகிறது, மறுபடி பசிக்கிறது. அடிமையோ தன் ஆசையை அடக்கிக்கொண்டு மரத்தை உளியால் செதுக்கி, இழைப்புளியால் வழவழப்பாக்கி, ஒரு மேசையைச் செய்து முடிக்கிறான். அவன் பயன்படுத்தப்போகாத அந்த மேசை மறுநாளும் அங்கேயே நிற்கிறது. தன் கையின் தடத்தை அதில் காணும்போது, தனக்கென ஓர் எண்ணம் உண்டென்பதை அவன் அறிகிறான். ஹெகலின் கரடுமுரடான நடையைச் சகித்துக்கொள்ள இந்தச் சில பக்கங்களே எனக்குப் போதுமானவை. உடனடிப் பயனில்லாத துறைக்குப் பணம் எதற்கு என்று கேட்கும் நிதிக்குழுக்களும் இந்தப் பக்கங்களின் பிற்கால வாழ்வைக் கவனிக்கலாம்.

உழைப்பு மனிதனை உருவாக்குகிறது என்ற இழையை மார்க்ஸ் எடுத்துக்கொண்டார். 1933 முதல் 1939 வரை பாரிஸில் தத்துவவாதி கோஜேவ் நடத்திய ஹெகல் வகுப்புகளில் உளப்பகுப்பாய்வாளர் லக்கானும் தத்துவவாதி மெர்லோ-போந்தியும் அமர்ந்திருந்தனர். ஜெர்மானியச் சமூகத் தத்துவவாதி அக்ஸல் ஹோனெத் 1992இல் அங்கீகாரத்தை அன்பு, உரிமை, சமூக மதிப்பு என மூன்றாகப் பிரித்து, அவை மறுக்கப்படும்போது எழும் அவமான உணர்வே போராட்டங்களுக்கு வித்தாகிறது என்றார். அவ்வாறு பார்த்தால், கூலிக்கான வேலைநிறுத்தத்திலும் கூலியைத் தாண்டிய ஒரு கணக்கு இருக்கிறது.

ஆனால் மார்த்தினிக் தீவில் பிறந்த மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனான், இந்த இயந்திரம் எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை 1952இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். காலனிய எஜமானன் அடிமையிடம் எதிர்பார்ப்பது அங்கீகாரத்தை அன்று, உழைப்பை மட்டுமே. கறுப்பின அடிமையும் தான் செய்த பொருளை நோக்கித் திரும்பாமல், எஜமானனைப் போலாக விரும்பி அவனையே நோக்குகிறான்.