பெரிய கார்புரேட்டர் கேட்டு என் பட்டறைக்கு வராதீர்கள்

போன வாரம் ஒடுகத்தூர் பக்கமிருந்து ஒரு மரம் அறுக்கும் மெஷின் வந்தது. ஸ்டில் 070, 106 சிசி, அவர்கள் அப்பா காலத்து மெஷின். திருப்பிப் பார்த்தால் பின்னால் ஆர்.எக்ஸ் 100 பைக்கின் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) உட்கார்ந்திருக்கிறது. இன்டேக்கில் எம்-சீல் அப்பி, மேலே சைக்கிள் டியூபைச் சுற்றி, ரெண்டு கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஆக்சிலேட்டருக்குக் கட்டுக்கம்பி. ஏர் ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய சாக்ஸ். ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, ஒரு பலகைத் துண்டின் மேல் வைத்தேன். செயின் நிற்கவே இல்லை. பலகையைக் கடித்துக்கொண்டு மெஷின் தானாகவே முன்னால் ஊர்ந்து போனது.

கொண்டுவந்தவரின் தம்பி முழங்காலுக்குக் கீழே தையல் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறார். "செயின் லூசா இருந்துச்சு போல பாய், டைட் பண்ணி விட்டுடுங்க" என்கிறார் அண்ணன். செயின் லூசெல்லாம் இல்லை, சரியான டைட்டில்தான் இருந்தது.

குடியாத்தம், அணைக்கட்டு, ஆலங்காயம் என்று எல்லாப் பக்கமும் இப்போது இந்தக் கிறுக்கு பரவியிருக்கிறது. பழைய மெஷின் எடுத்து, பெரிய கார்புரேட்டர் மாட்டி, சைலென்சரைக் கழற்றிவிட்டு, புளியமரம் அறுக்கப் போகிறார்கள். காலேஜ் பசங்க இன்னும் ஒரு படி மேலே. போட்டிக்காகக் கட்டிய கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியின் என்ஜின் சும்மா கிடக்கிறது, அதை ரம்பத்தில் ஏற்றித் தர முடியுமா என்று போனில் வீடியோவைக் காட்டிக் கேட்கிறார்கள்.

அந்த வீடியோக்களில் வருவது பொய்யில்லை. வெளிநாட்டில் மரம் வெட்டும் போட்டிகளில் 'ஹாட் சா' என்று ஒரு பிரிவே உண்டு. 46 செ.மீ. விட்டமுள்ள கட்டையில் மூன்று வில்லை எடுக்க வேண்டும், கை தேர்ந்தவர்கள் சில நொடிகளில் முடித்துவிடுவார்கள். மெஷினின் எடை 27 கிலோ வரை போகும். கட்டை அசையாமல் ஸ்டாண்டில் பிடித்திருக்கும், காலுக்குக் காப்பு இருக்கும், சுற்றி ஆளே நிற்க மாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு சவுக்குத் தோப்பில் காலை முதல் சாயங்காலம் வரை அறுப்பவர் அதே மாதிரி வேண்டும் என்கிறார்.

கார்ட் என்ஜினுக்கும் ரம்பத்துக்கும் பழைய சொந்தம் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். 1956-ல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் முதல் கோ-கார்ட்டைக் கட்டியபோது அதில் இருந்தது ஒரு சின்ன டூ ஸ்ட்ரோக் என்ஜின். அந்த ஓட்டப் பைத்தியம் பரவியதும், ரம்பம் செய்துகொண்டிருந்த மெக்கல்லக் கம்பெனி தன் ரம்ப என்ஜினையே மாற்றியமைத்து கார்ட்டுக்கு விற்றது. (அந்த முதலாளி ராபர்ட் மெக்கல்லக்தான் 1968-ல் லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து அரிசோனாவில் கட்டியவர். ரம்பத்தில் அவ்வளவு காசு.) டில்லட்சன் கார்புரேட்டர் ரம்பத்திலும் இருந்தது, கார்ட்டிலும் இருந்தது. ஆகவே அந்தக் காலத்து அமெரிக்க கார்ட் என்ஜினை அந்தக் காலத்து ரம்பத்தில் பொருத்துவது அவர்களுக்குக் கிட்டத்தட்ட தாய்வீட்டுக்குத் திரும்பி வருவதுபோல. நம் ஊர் காலேஜ் கார்ட்டில் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக் பைக் என்ஜின். அதன் ஆயில் அடியில் தேங்கி நிற்கும். ரம்பத்தைப் பக்கவாட்டில் சாய்த்தீர்கள் என்றால் ஆயில் ஒரு பக்கம், பேரிங் ஒரு பக்கம். எடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்கு மேல் அந்தத் தம்பிகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இன்னொரு பேச்சில்தான்: "பெரிய கார்பேட்டர் போட்டா நிறைய பெட்ரோல் போகும், நிறைய பெட்ரோல் போனா பவர் ஏறும்." பத்தாவது படிக்கிற பையனிலிருந்து டிம்பர் டெப்போ முதலாளி வரை எல்லோரும் இதையே சொல்கிறார்கள். பொறுமையாக ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

கார்புரேட்டர் பெட்ரோலை உள்ளே தள்ளுவதில்லை. என்ஜின் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியாக வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில்தான் ஜெட் என்ற சின்னத் துளையிலிருந்து பெட்ரோல் மேலே ஏறுகிறது. 106 சிசி டூ ஸ்ட்ரோக் ஒரு சுற்றுக்கு 106 சிசிக்கு மேல் காற்று கேட்காது. நீங்கள் பின்னால் எவ்வளவு பெரிய வாய் வைத்தாலும் அது இழுக்கும் காற்று அவ்வளவுதான். வாய் பெரிதானால் அதே காற்று மெதுவாகப் போகும். இளநீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சலாம், தோட்டத்து ஓஸ் பைப்பை விட்டு உறிஞ்சிப் பாருங்கள், அதுதான் கதை.

கணக்காகவே சொல்கிறேன். கழுத்து 20 மி.மீ. இருந்ததை 30 மி.மீ. ஆக்கினால் பரப்பு 2.25 மடங்கு ஆகிறது. காற்றின் வேகம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. இழுப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அது ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. இப்போது நடு ஆர்.பி.எம்.மில் பெட்ரோல் ஏறாது. பெட்ரோலோடு கலந்துதான் 2டி ஆயிலும் வர வேண்டும், அதுவும் வராது. பிஸ்டன் காய்ந்து ஓடும். மெக்கானிக் என்று சொல்லிக்கொள்பவர் என்ன செய்கிறார்? ஜெட்டைப் பெரிதாக்குகிறார். இப்போது கீழ் ஆர்.பி.எம்.மில் பெட்ரோல் கொட்டி என்ஜின் அணைகிறது. அணையாமல் இருக்க ஐட்லிங்கை, அதாவது ஆக்சிலேட்டரை விட்டபோது என்ஜின் சும்மா ஓடும் வேகத்தை, ஸ்க்ரூவைத் திருகி ஏற்றுகிறார். பெரும்பாலான மெஷின்களில் ஐட்லிங் 2,500 ஆர்.பி.எம். அளவில் இருக்க வேண்டும், 3,000-ஐத் தாண்டினால் கிளட்ச் ஷூ விரிந்து செயினைச் சுற்றும் டிரம்மைப் பிடிக்கும். ஏற்றிய ஐட்லிங் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால், நீங்கள் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் செயின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மெஷினைத் தொங்கவிட்டு நடக்கும்போது கால் பக்கத்தில் ஓடுவது அதுதான். ஒடுகத்தூர் தம்பிக்கு நடந்தது இதுதான், செயின் லூஸ் இல்லை.

பைக் கார்புரேட்டர் என்றால் கூடுதலாக ஒரு தொல்லை. அதில் மிதவை இருக்கிறது, நிமிர்ந்து நின்றால்தான் வேலை செய்யும். கிடக்கும் கட்டையைத் துண்டு போடும்போது மெஷின் நிமிர்ந்திருக்கிறது, சரி. நிற்கும் மரத்தைச் சாய்க்க அடியில் வெட்டும்போது மெஷினைப் படுக்க வைத்துப் பிடிக்கிறீர்கள். மிதவைக் கிண்ணமும் படுக்கிறது. பெட்ரோல் வழிந்து சூடான சைலென்சர் மேல் சொட்டும், இல்லையென்றால் ஜெட்டுக்கு எட்டாமல் என்ஜின் வறண்டு கத்தும். மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு வைத்த டயாஃப்ரம் கார்புரேட்டர் வருவதற்கு முந்தைய ரம்பங்களில், என்ஜின் நிமிர்ந்தே இருக்கும்படி செயின் ஓடும் பாரை மட்டும் திருப்புகிற ஏற்பாடே வைத்திருந்தார்கள். எப்படிப் பிடித்தாலும் ஓட வேண்டும் என்றுதான் டயாஃப்ரம் வந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மிதவையை மாட்டுகிறோம், இதற்குப் பெயர் மாடிஃபிகேஷன்!

இன்னொன்று, இது பட்டறைக்காரர்களுக்கே பலருக்குத் தெரியவில்லை. பழைய டில்லட்சன் கார்புரேட்டர்கள் சிலவற்றுக்குள் ஒரு குட்டி வால்வு உண்டு. ஆர்.பி.எம். எல்லை மீறினால் அதிர்வில் அது திறந்து, கொஞ்சம் பெட்ரோலை அதிகம் ஊற்றி என்ஜினை அடக்கும். அந்தக் காலத்து பாயிண்ட் இக்னிஷன் மெஷினில் பெரும்பாலும் வேறு கட்டுப்பாடு கிடையாது. கார்புரேட்டரை மாற்றினால் அந்தக் காவலும் போய்விடுகிறது. 7,000 ஆர்.பி.எம்.முக்கு வடித்த ஃபிளைவீல் 12,000-ல் சுற்றினால் தாங்குமா? செயின் கணக்கும் பாருங்கள்: .404 பிட்ச் (கண்ணி அளவு) செயின், அதைச் சுற்றும் 7 பல் ஸ்ப்ராக்கெட் என்றால் 7,000-ல் செயின் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, 12,000-ல் 100-ஐத் தாண்டிவிடும். அறுந்த கண்ணி பறந்து வந்தால் அதன் அடி ஏறக்குறைய மூன்று மடங்கு. அறுந்த செயினைத் தடுத்துப் பிடிக்கும் கொக்கியோ, பார் எகிறி முகத்துக்கு வந்தால் நிறுத்தும் செயின் பிரேக்கோ அந்த மெஷினில் கிடையாது. செயின் பிரேக் 1970-களில்தான் மெல்ல மெல்ல வந்தது. அது இருக்கிற மெஷினிலும், அந்த என்ஜினின் பலத்துக்கு அளந்து வைத்த ஒரு மெல்லிய இரும்புப் பட்டைதான் டிரம்மைப் பிடிக்கிறது. என்ஜினை மட்டும் பெரிதாக்கினால் பட்டை எப்படிப் பிடிக்கும்?

"அப்ப அந்த ஹாட் சா போட்டிக்காரனுங்க மட்டும் எப்படி பாய் பெரிய கார்பேட்டர் போடுறானுங்க?" என்று கேட்பீர்கள். சிலிண்டரில் காற்று போய்வரும் துளையான போர்ட்டைக் குடைகிறார்கள், கம்ப்ரஷனை ஏற்றுகிறார்கள், கணக்குப் போட்டுச் செய்த வயிறு பெருத்த சைலென்சர் வைக்கிறார்கள், பலர் மெத்தனால் ஊற்றுகிறார்கள். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு ஆறரை கிலோ போதும். அதே காற்றுக்கு ரெண்டு மடங்குக்கு மேல் திரவம் போயாக வேண்டும், அதனால் பெரிய கார்புரேட்டர். மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அது எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். 2024-ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் நடந்தது மறந்துவிட்டதா?

சரி, மெஷின் இழுக்கவில்லை என்பது உண்மைதானே, அதற்கு என்ன செய்வது? முதலில் தரையில் விழுகிற தூளைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூர். மாவு மாதிரி விழுந்தால் மொக்கை. என்னிடம் "பவர் இல்ல" என்று வருகிற மெஷின்களில் பெரும்பாலானவை மொக்கைச் செயின்தான். .404 செயினுக்கு 5.5 மி.மீ. உருண்டை அரம், டேங்க் நிரப்பும்போதெல்லாம் பல்லுக்கு ரெண்டு இழுப்பு. பல்லுக்கு முன்னால் நிற்கும் மேட்டையும் 0.8 மி.மீ. தாழ்வாக வைக்க வேண்டும், அதை யாருமே தொடுவதில்லை. பிறகு சைலென்சர் வாயில் அடைந்திருக்கும் கரி. பிறகு கிராங்க் ஆயில் சீல். அதில் காற்றுக் கசிந்தால் எந்தக் கார்புரேட்டர் போட்டாலும் பிஸ்டன் ஜாம்தான்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2023-லிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இப்போது எங்கே போட்டாலும் அதுதான். பழைய செட்டிங்கிலேயே ஓட்டினால் கலவை வறண்டுவிடும், மெயின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். பழைய ரப்பர் டயாஃப்ரம் விறைத்துப் போகிறது, பெட்ரோல் டியூப் கொழகொழத்துப் போகிறது. ஆயில் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் வைத்தால் ஈரத்தை இழுத்துத் தண்ணீர் அடியில் தங்கும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, என்ஜின் தானாக அணையும்வரை ஓட்டிவிட்டு எடுத்து வையுங்கள். ஆயிலை பாட்டில் மூடியால் அளக்காதீர்கள். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி.

ஓட்டுபவர்களுக்கு ஒரே ஒரு சோதனை. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை விடுங்கள். செயின் முழுதாக நிற்க வேண்டும். லேசாக ஊர்ந்தாலும் அன்றைக்கு வேலைக்குப் போகாதீர்கள். கூலி போகும் என்று தெரியும், கெஞ்சிக் கேட்கிறேன். லுங்கி வேண்டாம். ஷூ போடுங்கள், காதில் எதையாவது அடையுங்கள், இந்தச் சத்தம் 100 டெசிபலுக்கு மேல். மாசி பங்குனியில் ஜவ்வாது மலையிலும் பாலமதிப் பக்கத்திலும் காய்ந்த புல்லுக்கு நடுவே சைலென்சர் இல்லாமல் ஓட்டுகிறவர்களை என்ன சொல்வது? உள்ளே இருக்கும் கம்பி வலை பொறி பறக்காமல் இருக்கத்தான் வைத்திருக்கிறார்கள்.

வெட்டுப்பட்டுவிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடியே 108-ஐக் கூப்பிடுங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. கை அறுவை சிகிச்சைக்குப் பேர் போன ஊர் நம் வேலூர், டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளை மறுபடி இயங்க வைத்தது இங்கேதான். அதற்காக அந்த டாக்டர்களுக்கு நாம் தினமும் வேலை கொடுக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்களுக்கு: கழற்றிய ஒரிஜினல் கார்புரேட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் ஓடிப்போய்த் திரும்ப வாங்குங்கள். உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அதற்குக் கிட் கிடைக்கிறது, ஒரு மத்தியானத்தில் சரி செய்துவிடலாம். எம்-சீலைச் சுரண்டி எடுக்கும் கூலி மட்டும் தனி.