கற்றாழையில் சோறு வேறு, பால் வேறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கற்றாழை மடலைத் தோலோடு மிக்ஸியில் போட்டு அடித்துக் குடிக்காதீர்கள். கீழக்கரையிலிருந்து மண்டபம் வரைக்கும் பல ஊர்க்காரர்கள் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறார்கள். அவர்களில் கற்றாழை குடித்து வயிறு கெட்டுப்போய் வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். கேட்டால் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ என்பார்கள், அதில் பேசியவர் மடலைக் கழுவி, முள்ளை மட்டும் சீவிவிட்டு, அப்படியே ஜாரில் போட்டிருப்பார். காசில்லாமல் கொல்லையில் கிடைக்கிற செடி, திருஷ்டிக்கு வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் மாதக்கணக்கில் வாடாத செடி, இதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்ற நினைப்புதான்.

ஒரு மடலைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பச்சைத் தோலை ஒட்டி மஞ்சளாக ஒரு பால் கசியும். நடுவில் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருப்பது சோறு. ஒரே மடலுக்குள் இருந்தாலும் இரண்டும் இரண்டு மருந்து. அந்த மஞ்சள் பாலில் அலோயின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது, அது பெருங்குடலை முறுக்கிப் பேதியாக்கும். அந்தப் பாலைக் காய்ச்சி இறுக வைத்தால் கரியபோளம். நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரம் என்று கேட்டால் கறுப்புக் கட்டியாகத் தருவார்களே, அதுதான். சோறு அப்படியில்லை. 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், மிச்சத்தில் பெரும்பங்கு ஈரத்தைப் பிடித்து வைக்கிற சர்க்கரைப் பொருட்கள். தோலைக் குளிர வைப்பதும் எரிச்சலைத் தணிப்பதும் இந்தச் சோறு.

ஆயுர்வேதத்தில் இதற்குக் குமாரி என்று பெயர். 16ஆம் நூற்றாண்டு நூலான பாவப்பிரகாசம் இதைக் குளிர்ச்சியானது, கசப்பானது, மலத்தை இளக்குவது என்று சொல்லி, தீப்புண், கொப்புளம், தோல் நோய், கல்லீரல், மண்ணீரல் வீக்கம் என்று பலவற்றுக்கும் சேர்க்கிறது. இதைக் காட்டித்தான் கற்றாழை எல்லாவற்றுக்கும் நல்லது என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் மருந்து செய்கிறவர்கள் எந்த நோய்க்கு எந்தப் பகுதி என்று பிரித்துத்தான் எடுப்பார்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் கொடுக்கிற ரஜப்பிரவர்த்தினி மாத்திரையில் சேர்வது காய்ந்த பால், அதோடு பெருங்காயம், வெங்காரம், அன்னபேதி. தீப்புண்ணுக்குப் போடுவது சோறு. மாற்றிப் போட்டால் இரண்டுமே வீண், சில சமயம் ஆபத்தும்கூட.

சரி, வெளிப்பூச்சுக்கு வருவோம், இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு அதிகம் பயன்படுவது அதுதான். பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். மரிக்கொழுந்து பாசியும் கட்டக்கோரையும் பாறையில் ஒட்டி வளர்வது, கையால் பிய்த்தெடுக்க வேண்டும். கரை ஏறும்போது விரல் நுனித் தோல் உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்து, மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, அங்கங்கே சிராய்த்திருக்கும். அதன் மேல் வெயிலும் உப்பும் சேர்ந்தால் இரவெல்லாம் எரியும். இப்படி மேலோட்டமான சிராய்ப்புக்கும் வெயில் எரிச்சலுக்கும் கற்றாழைச் சோறு நல்ல மருந்து. நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவிவிட்டு, ஈரம் ஒற்றி, சோற்றை மெல்லிசாகத் தடவி விடுங்கள். காய்ந்ததும் மேலே கொஞ்சம் தேங்காய் எண்ணெய். இந்த எண்ணெயை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் கற்றாழை போட்டும் தோல் இழுத்துப் பிடிக்கிறது என்று குறைப்படுகிறார்கள். சோற்றில் இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போகாமல் பிடித்து வைக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களின் பாத வெடிப்புக்கும் இதே முறைதான், இராத்திரி தடவிவிட்டுப் பழைய பருத்தி காலுறையைப் போட்டுக்கொண்டு படுக்கச் சொல்வேன்.

ஆனால் பாறையில் ஆழமாக வெட்டியிருந்தால் கற்றாழை வேண்டாம். அறுவைப் புண்கள் ஆறாமல் திறந்துபோன பெண்களுக்குக் கற்றாழை ஜெல் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 1991இல் வந்தது, அதில் புண் ஆற இன்னும் தாமதம்தான் ஆனது. அதுவும் சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கடல் தண்ணீரில் பட்ட காயம் என்றால், சுற்றிலும் சிவந்து வீங்கி, கருநீலக் கொப்புளமோ காய்ச்சலோ வந்தால், எந்த இலையும் தேடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடல் தண்ணீரில் இருக்கிற சில கிருமிகள் ஒரே நாளில் காலையே கெடுத்துவிடும்.

திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தினால் தாங்குகிற அளவு வெந்நீரில் காலை அமிழ்த்தி வைப்பதுதான் முதல் வேலை, அந்த விஷம் சூட்டில் கெடும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரையே ஊற்றிக் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுங்கள். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. கற்றாழையின் வேலை இதெல்லாம் முடிந்து, மறுநாள் தடிப்பும் அரிப்பும் மட்டும் மிஞ்சும்போதுதான்.

அடுப்பில் சுட்டுக்கொண்டாலும் அப்படித்தான். முதலில் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். சூடு இறங்கின பிறகு சின்னச் சிவப்புக்கு, தோல் கிழியாத இடத்துக்குச் சோறு தடவலாம். அந்த அளவுச் சுடுகாயத்தைக் கற்றாழை சீக்கிரம் ஆற்றுகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் ஓரளவு இருக்கிறது. கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில், கை மூட்டில் பட்டாலோ வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு பக்குவம். சோற்றை நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ போட்டு, தீயைக் குறைத்து, சடசடப்பு அடங்கும் வரை கிளற வேண்டும். அடங்கியதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள், படபடவென்று பொரிந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, ஒரே வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம். முடி கொட்டுவதை இது நிறுத்துமா என்றால், இரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன். உச்சந்தலை வறட்சிக்கும் பொடுகு அரிப்புக்கும் நல்ல எண்ணெய், அவ்வளவுதான்.

இனி குடிக்கிற விஷயம். மடலை வெட்டியதும் அடிப்பக்கத்தைக் கீழே வைத்து ஒரு கிண்ணத்தில் சாய்த்து நிறுத்துங்கள், மஞ்சள் பால் வடியட்டும். பிறகு தோலைத் தடிமனாகச் சீவி, சோற்றை மட்டும் எடுத்து, ஏழு தண்ணீர் விட்டு அலசச் சொல்வார்கள் பெரியவர்கள். ஏழு என்பதைக் கணக்காக எடுக்க வேண்டாம், நாக்கில் வைத்தால் துளிக் கசப்பும் இல்லாத வரை அலச வேண்டும், அதுதான் அளவு. அப்படிச் சுத்தம் செய்த இரண்டு விரற்கடைத் துண்டை மோரில் அடித்து, கோடையில் எப்போதாவது குடித்தால் ஆரோக்கியமானவருக்கு ஒன்றும் ஆகாது. தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் என்று போகாதீர்கள். கசப்போடு குடித்து வருகிறவர்களுக்கு முதல் வாரம் மலச்சிக்கல் தீர்ந்த மாதிரி இருக்கும், அப்புறம் அது இல்லாமல் குடல் அசையாது, பேதியோடு பொட்டாசியமும் இறங்கும். அமெரிக்காவில் மலமிளக்கியாக விற்ற கற்றாழை மருந்துகளை 2002இல் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், பாதுகாப்பானதுதான் என்று காட்டும் தகவலை உற்பத்தியாளர்கள் தராததால். பால் நீக்காத முழு மடல் சாற்றை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் வைத்திருக்கிறது, எலிகளிடம் பார்த்த முடிவை வைத்து. சுத்தம் செய்த சோற்றுக்கு இந்தக் குற்றச்சாட்டு இல்லை.

கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் குடிக்கவே கூடாது. மாதவிடாயைத் தூண்டுகிற மருந்தில் சேர்கிற பொருள் இது என்று மேலேயே சொன்னேன். சில வீடுகளில் குழந்தையைப் பால் மறக்க வைக்க மார்பில் மூசாம்பரம் தடவும் பழக்கம் உண்டு, அது குழந்தையின் வாய்க்குள் போனால் பேதிதான். அதற்குப் பதிலாக வேப்பெண்ணெய் தடவலாமா என்றால், அதுவும் ஒரு சொட்டுகூட வேண்டாம், பேசாமல் பால் கொடுக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மூசாம்பரத்துக்கு நல்ல இடம் சுளுக்கும் இரத்தக்கட்டும்தான். வலை இழுக்கும்போது கணுக்கால் பிசகியவர்களுக்கு அதைத் தண்ணீர் விட்டுச் சூடாக்கிப் பற்றுப் போடுவது இன்றைக்கும் இங்கே நடக்கிறது. தோல் கிழிந்த இடத்தில் மட்டும் போடாதீர்கள்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கற்றாழைச் சாறும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கலாம். நீர் பிரியும் மாத்திரை, இதய மாத்திரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வேண்டவே வேண்டாம். கற்றாழைச் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்கிற ஆயுர்வேத மருந்தான குமார்யாசவத்தையும் நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள், அதில் புளித்து உண்டாகும் சாராயமும் கொஞ்சம் இருக்கிறது, கல்லீரல் மெலிந்தவருக்கு அது வேறு தொல்லை.

கடையில் வாங்குகிற ஜெல் பச்சையாக இருந்தால் அது சாயம், கற்றாழைச் சோறு நிறமில்லாதது. எதை வாங்கினாலும், செடியிலிருந்தே எடுத்தாலும், முகத்தில் பூசுமுன் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள், சிலருக்கு இதற்கே ஒவ்வாமை வரும். வேலியோரம் ஆளுயரத்துக்கு நிற்கும் ஆனைக் கற்றாழையை வெட்டி எடுத்து வருகிறவர்களும் உண்டு. அது வேறு செடி, அதன் சாறு பட்டால் அரித்துத் தடித்துவிடும். நீங்கள் வெட்டுகிற மடலுக்குள் நாராக இல்லாமல் முழுக்கச் சோறாக இருக்க வேண்டும்.